திரும்ப

எட்மன்டனில் இன்று மைனஸ் இருபத்தாறு.
வாயைத் திறந்தால்
சொல்லுக்கு முன் புகை வருகிறது.
சொல்லைக் கண்ணால் பார்க்கலாம் என்று
விதுஷன் நம்புகிற மாதம் இது:
கார் நிறுத்துமிடத்தில் என் வாயையே பார்த்தபடி
பின்பக்கமாக நடக்கிறான்.

சமூக மண்டபத்தின் கீழ்த்தளம். சனி, பத்து மணி.
கம்பளித் தொப்பியை மெல்லக் கழற்ற வேண்டும்;
குளிர்காலத்து உலர்ந்த மின்சாரம்
அவன் காதுக்கு ஆகாது.
செவியின் பின்னே ஒரு கருவி,
முடிக்குள் ஒரு காந்தம்,
தோலுக்கு அடியில் அதைப் பிடித்து வைத்திருக்கும்
மற்றக் காந்தம்.

முதல் நாள் இயக்கியபோது வீரிட்டு அழுதான்.
அவன் சிரிப்பைப் படம் பிடிக்கக் காத்திருந்த மைத்துனி
கைபேசியைத் தாழ்த்திக்கொண்டாள்.
அது நடந்து பதினான்கு மாதம்.
டொரொன்டோவிலிருந்து அண்ணி,
ஒவ்வொரு ஞாயிறும்:
"இன்னும் கதைக்கேல்லையோ?"

ஹலினா செருப்பைக் கழற்றச் சொல்கிறாள்,
எனக்கும்தான்.
மரத்தரையில் முரசு வைத்து அடிக்கிறாள்;
உள்ளங்காலில் ஏறுகிறது அது.
உங்கள் வீட்டுச் சொற்களையே கொண்டு வாருங்கள்,
நான் பழகிக்கொள்கிறேன் என்றாள் முதல் வாரம்.
பழகினாள்.
"குதி" அவள் நாவில் "குடி" ஆகிறது.
குடி! குடி! என்று அவள் கூவ,
ஊதாக் கருவி அணிந்த சோமாலியச் சிறுமி ஹோதான்,
அவள் தம்பி, தர்மினி, நான்
எல்லோரும் குதிக்கிறோம்.

தூக்கு, இறக்கு, தள்ளு, அடுக்கு:
குளிர்பதனக் கிடங்கில்
இரவெல்லாம் நான் செய்கிற வினைச்சொற்கள்.
ஒன்றையும் வாய்விட்டுச் சொன்னதில்லை.
இங்கே சொல்லிச் சொல்லித்தான் செய்ய வேண்டும்.
பெட்டியைத் தூக்கும்போது "தூக்கு" என்றால்
என் குரல் எனக்கே அந்நியம்.

இன்று பாய் விரித்தாள். உருளல்.
விதுஷன் உருண்டான்,
முதல் சுற்றிலேயே கருவி தெறித்து எங்கோ போனது.
நான் எழுந்தேன்.
ஹலினா கையை உயர்த்தினாள்: பொறு.

இப்போது அவனுக்கு
முரசு இல்லை, ஹலினா இல்லை, நான் இல்லை.
உருள்கிறான்.
பாயின் விளிம்பில் எழுந்து உட்கார்ந்து,
என்னைப் பார்த்து,
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு:

"தியும்ப."

சொன்னவனுக்குக் கேட்காத சொல்.

மறுபடியும் என்றானா?
என்னைச் சுழலச் சொன்னானா?
கேட்கவும் முடியாது,
கேட்டாலும் கேட்காது.
ஒரு சொல்லுக்குள் இரண்டையும் பொதிந்து வைத்த மொழியை
முதல்முறை கொஞ்சம் திட்டினேன்,
திட்டிக்கொண்டே பாயில் படுத்தேன்.
உருண்டேன்.
முழங்கால் முறிந்ததுபோல் ஒரு சத்தம்;
அவனுக்குக் கேட்கவில்லை, சிரித்தான்.
தியும்ப. தியும்ப.
தர்மினி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகவில்லை,
ஜீன்ஸ்தான்;
ஆனாலும் எதையோ செருகுவதுபோல்
இடுப்பில் கை வைத்துவிட்டு
அவளும் படுத்தாள்.

பிறகு கருவியைத் தேடினோம்.
மடக்கு நாற்காலியின் இரும்புக் காலில் ஒட்டியிருந்தது,
செம்மஞ்சள் விளக்கு மினுங்க.
இவ்வளவு நேரமும்
அந்த நாற்காலிக்குத்தான்
எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

போகும்போது படிவம்.
புதிய சொல்: எழுதினேன்.
பொருள்: நகக்கண் அளவு கட்டம்.
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
காருக்குள் போய் எழுதுவோம் என்றாள் தர்மினி,
அங்கே கிடந்த பேனாவில்
மை உறைந்திருந்தது.
பின்னிருக்கையில் அவன்
கண்ணாடியில் புகை ஊதி
விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.